மாப்பிள்ளை அனுப்பிய சென்ட்டுக்கு ஒரு தரச் சான்றிதழ்

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் நலம் கோரி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பு வரையில் சுகம். மனசு வரையில் அத்தை மட்டும் சுகம். என் கதை கீழே வருகிறது. ஏழு மாத வயிற்றோடு இருக்கும் என் மகள் வேளைக்குச் சாப்பிடுகிறாளா, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்ததா என்பதைத் தனித்தாளில் எழுதவும். அவளிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "ம்" என்கிறாள்.

பார்சல் செவ்வாய்க்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. உள்ளே வைத்திருந்த உங்கள் சீட்டையும் படித்தேன். "மாமா, டைல்ஸ் கம்பெனி வேலையை விட்டுட்டு இந்த சென்ட்டுக்கு ஏஜென்சி எடுக்கலாம்னு இருக்கேன். சாம்பிராணியும் மரமும் கலந்த வாசனை. மரத்தைப் பத்தி உங்களுக்குத் தெரியாதது இல்லை. இந்த விலைக்கு இது தகுமான்னு பார்த்துச் சொல்லுங்க. நீங்க சரின்னா எடுக்கிறேன், வேணாம்னா விட்டுடறேன்" என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி இந்த மூன்று வருஷத்தில் நீங்கள் என்னிடம் யோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. சீட்டை அத்தைக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். இரண்டாம் முறை பாதியிலேயே அவள் சமையலறைக்குப் போய்விட்டதால் மிச்சத்தைக் குரலை உயர்த்திப் படிக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் கேட்டது சரியான ஆளிடம்தான். மர அறுவை மில்லில் முப்பத்திநான்கு வருஷம் தரம் பிரித்தவன் நான். லாரியில் வந்து இறங்கும் கட்டையில் ஒரு சில்லு செதுக்கி மூக்கருகே பிடிப்பேன். முதல் தரமா, இரண்டாம் தரமா, விறகா என்று சாக்பீஸால் எழுதுவேன். எழுதியதை முதலாளிகூட அழித்தது கிடையாது. ஓய்வு பெற்ற இந்த ஒன்றரை வருஷத்தில் தரம் பிரிக்க வீட்டில் என்ன இருக்கிறது, அத்தை என்னைத் தக்காளி பொறுக்கக்கூட விடுவதில்லை. அதனால் சீசாவைக் கையில் எடுத்தபோது எனக்குப் பழைய உத்தியோகமே திரும்பி வந்தாற்போல் இருந்தது.

பெட்டிக்குள் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு வெல்வெட் பை. நகையோ என்று அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சீசா என்று தெரிந்ததும் துடைத்த கையை மறுபடி நனைக்கப் போய்விட்டாள். பெட்டிக்கு அடியில் விலையை ஒட்டியிருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தேன், ஒரு சைபரும் குறையவில்லை. நான் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி. கூடவே வழவழப்பான ஒரு தாள்: முதலில் மிளகின் வாசனை வருமாம், பிறகு சாம்பிராணிப் புகையாம், கடைசியில் "மழையில் நனைந்த தேவதாரு" நாள் முழுக்க நிற்குமாம். மழையில் நனைந்த தேவதாருவை நான் பார்க்காததா. நனைந்து வந்தால் அதை இரண்டாம் தரத்தில் தள்ளுவோம், விலையும் குறைப்போம். இங்கே நனைந்ததற்கே விலையை ஏற்றியிருக்கிறார்கள்.

ஆனாலும் சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மணிக்கட்டில் ஒரு தடவை அடித்தேன். லேசாக இருந்தது. உள்ளதைச் சொல்வதானால் லேசாகக்கூட இல்லை. புதுச்சரக்கு கூச்சப்படும் என்று இன்னும் மூன்று அடித்தேன். காதுக்குப் பின்னால் அடிக்கலாம் என்று தாளில் இருந்தது, காதுக்கு நான்காக இரண்டு காதுக்கும் அடித்தேன். பிறகு கழுத்து, சட்டைக் காலர், பனியன், கைக்குட்டை என்று போய்க்கொண்டே இருக்கையில் உள்ளேயிருந்து அத்தை ஓடி வந்தாள். "ஏங்க, எங்கேயோ வயர் கருகுது. முதல்ல மெயினை அணைங்க" என்றாள். எனக்கு ஒரு கருகலும் தெரியவில்லை. ஆனாலும் நெருப்பு விஷயத்தில் பெண்டாட்டியோடு வாதாடக் கூடாது என்று மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் மூன்று மாடி ஏறி வந்து, ஸ்டூல் போட்டு ஒவ்வொரு சுவிட்ச் போர்டாகக் கழற்றி முகர்ந்தார். ஃப்ரிட்ஜைத் தள்ளிப் பின்னால் முகர்ந்தார். மோட்டார் ஸ்விட்சை முகர்ந்தார். நான் டார்ச் அடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். இரண்டு மணி நேரம் இப்படிப் போனது. ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் கூடம் வரை ஓடி வந்தது. கடைசியில் அவர், "சார், நீங்க கொஞ்சம் வெளியே போய் நில்லுங்க" என்றார். நின்றேன். "இப்ப உள்ளே வாங்க" என்றார். வந்தேன். சாமானைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வீட்டு வயரிங் எல்லாம் நல்லா இருக்கு சார். கருகுறது நீங்கதான்" என்றார்.

ஒரு எலக்ட்ரீஷியனுக்கு உயர்ந்த வாசனையைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குள் சோதித்தது தப்பு, நாலு பேர் நடமாடும் இடத்தில்தான் சரக்கின் தரம் தெரியும் என்று புதன்கிழமை காலையில் பத்துப் பதினைந்து அடித்துக்கொண்டு ஓய்வூதிய அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தடவை அங்கே நேரில் காட்ட வேண்டும். பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. நான் உட்கார்ந்ததும் பக்கத்து ஆள் எழுந்து எனக்கு இடம் விட்டார், முன்சீட்டில் இருந்தவர்களும் எழுந்துகொண்டார்கள். வயசானவர்களுக்கு இந்தக் காலத்திலும் மரியாதை இருக்கிறது மாப்பிள்ளை. கண்டக்டர் நான் கேட்காமலேயே வந்து என் பக்கத்து ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டார். அலுவலகத்திலும் அப்படியே. போன வருஷம் அரை நாள் நிற்க வைத்த அதே குமாஸ்தா, பாவம் அவருக்கு நல்ல ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே வரிசையிலிருந்த என்னை முன்னால் கூப்பிட்டார். "சார், நீங்க உயிரோட இருக்கீங்கன்னு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்றார். ஐந்தே நிமிஷம். இதையெல்லாம் சென்ட்டின் பெருமையாக எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் எனக்கே வாசனை தெரியாத ஒன்று அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும். அதனால் அதை மனித நேயத்தின் கணக்கில் எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமைதான் உண்மையான பரீட்சை. சீசாவை எடுத்துக்கொண்டு பழைய மில்லுக்கே போனேன். எனக்கு உதவியாளாக இருந்து இப்போது என் இடத்துக்கு வந்திருக்கும் சிராயை உங்களுக்குத் தெரியும், கல்யாணத்தில் பந்தலுக்குக் கம்பு நட்டானே அந்த ஒல்லி ஆள், உடம்பு வாகுக்காக வைத்த பெயர். அம்பத்திரண்டு வயசாகியும் அந்தப் பெயர் போகவில்லை. "சிராய், நிஜ மரத்தோட இதை வச்சுப் பார்க்கணும். ஆறு மரத்துல ஆறு சில்லு செதுக்கு. ஒரு பிளைவுட் துண்டுல இந்த சென்ட்டை அடி. என் கண்ணைக் கட்டிடு. ஒவ்வொண்ணா மூக்குக்கிட்டே காட்டு" என்றேன். அவன் தயங்கினான். "எதுக்குண்ணே கண்ணைக் கட்டிக்கிட்டு. பார்த்தே சொல்லலாமே" என்றான். கட்டு என்றேன். கட்டினான்.

முதல் சில்லை நீட்டியதும் வழக்கம்போல "தேக்குதானேண்ணே" என்று ஆரம்பித்தான். அவன் எப்போதுமே அப்படித்தான், கடைசி சில வருஷமாக நான் வாயைத் திறப்பதற்குள் "வேங்கைதானேண்ணே", "பலாதானேண்ணே" என்று முந்திக்கொள்வான். ஆமாம் என்று நானும் எழுதுவேன். இது பரீட்சை, நீ வாயைத் திறக்கக் கூடாது என்று கண்டித்தேன். அதற்குப் பிறகு மில்லே அமைதியானது. ரம்பத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். நான் முகர்ந்து முகர்ந்து சொன்னேன். ஏழுக்கும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால், தேக்கு என்று நான் அடித்துச் சொன்னது சென்ட் அடித்த பிளைவுட். வேப்ப மரத்தைத் தேவதாரு என்றிருக்கிறேன். ஏழில் ஒன்று சரி, அதுவும் வாய்தவறி அவன் முதலில் சொல்லிவிட்ட தேக்கு. சிராய் என் முகத்தைப் பார்க்காமல், கண்ணைக் கட்டிய துண்டை மடித்துக்கொண்டே, "இன்னிக்கு மில்லுல தூசி ஜாஸ்திண்ணே. டீ சொல்லட்டுமா" என்றான்.

டீ குடிக்கவில்லை. வீடு வரை நடந்தே வந்தேன். முப்பத்திநான்கு வருஷம் தப்பாத மூக்கு இரண்டே நாளில் தப்புகிறது என்றால் அதற்குக் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். மாப்பிள்ளை, இந்த சென்ட் ஆளுடைய மூக்கைக் கெடுக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "நாளைக்குக் காலையில மூக்கு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றாள். எனக்கும் அதுதான் நல்லதென்று பட்டது. டாக்டர் கையால் ஒரு சான்று வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பினால் நாளைக்கு நாலு மூக்காவது தப்பிக்கும்.

ஆகவே என் முடிவு. மிளகு இல்லை. சாம்பிராணி இல்லை. தேவதாரு, நனைந்ததும் இல்லை, காய்ந்ததும் இல்லை. சீசா முதல் தரம், பெட்டி முதல் தரம், உள்ளே இருப்பது பச்சைத் தண்ணீர். விலைக்குத் தகாது. பாதி விலைக்கும் தகாது. டைல்ஸ் கம்பெனி வேலையை விட வேண்டாம், ஏஜென்சி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் இந்த சீசாவை வைத்திருக்கவும் வேண்டாம். நான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுவது உங்கள் மேலுள்ள பிரியத்தால்தான். என்னிடம் கேட்டீர்களே, அதற்கு நான் பொய் சொல்லக் கூடாது அல்லவா.

உங்களுக்கும் என் மகளுக்கும், இன்னும் பெயர் வைக்காத அந்த மூன்றாவது நபருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் கிடைக்கட்டும். உங்கள் அம்மா அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அத்தை எல்லோரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: நேற்று ஒட்டிய உறையை இன்று மத்தியானம் கிழித்து இதைச் சேர்க்கிறேன். டாக்டர் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பிறகு என் கண்ணை மூடச் சொல்லி மூன்று புட்டிகளைக் காட்டினார். மூன்றும் தண்ணீர் என்றேன். ஒன்று காப்பித்தூள், ஒன்று கற்பூரம், மூன்றாவதைத் திறந்தபோது நர்ஸ் அறையை விட்டே போய்விட்டாராம். "எவ்வளவு நாளா இப்படி" என்று கேட்டார். "மூணு நாளா டாக்டர், ஒரு சென்ட்டால" என்றேன். அதே நேரத்தில் அத்தை, "நாலஞ்சு வருஷமாகுது டாக்டர்" என்றாள். மரத்தூசியில் உள்ளே சதை வளர்ந்து அடைத்திருக்கிறதாம், சின்ன ஆபரேஷன் செய்தால் கொஞ்சம் திரும்பலாமாம். ஆகவே மேலே நான் எழுதிய தீர்ப்பு முழுவதும் தள்ளுபடி. அத்தையின் தீர்ப்பைக் கீழே அப்படியே எழுதுகிறேன்: "அவ்வளவு அடிச்சா எதுதான் கருகின மாதிரி இருக்காது. நேத்து நீங்க மில்லுக்குப் போனப்புறம் மேஜையில சிந்தியிருந்த ஒரு சொட்டைத் தொட்டு முந்தானையில வச்சேன். ராத்திரி வரைக்கும் இருந்தது. நல்ல சரக்குதான். ஆனா முழு சீசா இந்த விலைக்கு யாரும் வாங்க மாட்டாங்க. குட்டி சீசாவுல விக்க கம்பெனி ஒத்துக்குமான்னு கேட்டா நானே ரெண்டு வாங்குவேன். வேலையை விடாம, லீவு நாள்ல வித்துப் பார்க்கட்டும்." இனி இப்படிப்பட்ட யோசனைகளை நேரே அத்தைக்கே எழுதவும்.

திரும்பி வரும் வழியில், தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன். "மூக்குதான் என் சோறுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நான் எந்த வாயால சொல்றது" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே, "அந்த பேக்கரியில இப்பதான் ரொட்டி எடுக்கிறாங்க, வெண்ணெய் வாசனை" என்றாள். அப்புறம் சலவைக்கடை, புத்தகக்கடை, மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மீன் கடையைத் தாண்டும்போது மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்கே நீங்க கொடுத்து வச்சவரு" என்றாள்.