தலைவர் கையில் விழித்த பூனை

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் லீவு முடிந்து தனியாகத் திரும்புவதில்லை. யாரோ ஒருவரின் ஊறுகாயும் யாரோ ஒருவரின் கருவாடும் கூடவே வரும். முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வார்த்தை இன்றுவரை வாயில் வந்ததில்லை.

அந்த முறை பார்சல் கொடுத்தது என் சொந்தத் தம்பி பிரபு. சென்னை விமான நிலையத்தில் என் கையில் திணித்தான்.

"அக்கா, இதை உங்க தமிழ்ச் சங்கத் தலைவர்கிட்ட சேர்த்துடு. எங்க நண்பர்கள் சேர்ந்து குடுக்கிற விருது."

தலைவர் என் கணவருக்கு மேலாளரும்கூட. நான் வந்திறங்கிய அன்றே என் கணவர் அவருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பொங்கல் விழாவில், மேடையிலேயே, என் கையாலேயே வாங்கிக்கொள்வதாகத் தலைவர் அறிவித்துவிட்டார். (எதற்கு விருது என்று அவர் கேட்கவே இல்லை. பொன்னாடைக்குப் பழகிய தோள்கள் அப்படித்தான்.)

ஷார்ஜா வீட்டில் பார்சலைப் பிரித்தேன். காகிதக் கூழில் செய்த, தங்க நிறப் பூனை. கண்களை இறுக மூடிக்கொண்டு தவம் செய்வது போல உட்கார்ந்திருந்தது. பீரோ மேல் வைத்தேன்.

மதியம் இரண்டு வயது மகளைத் தூங்கவைக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தேன். ஏசி மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. மகள் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக் கையாட்டினாள்.

"அம்மா, பூனை வேக்கப்."

திரும்பினேன். இருட்டில் பூனை இல்லை. இரண்டு கண்கள் மட்டும் இருந்தன. பச்சையாக, அகலத் திறந்து, என்னையே பார்த்தபடி.

விளக்கைப் போட்டேன். மூடிய கண். அணைத்தேன். திறந்த கண். (நான் இயற்பியலில் முதுகலை படித்தவள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விடுவதே நல்லது.) பிள்ளையை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடி, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டுப் பிரபுவைக் கூப்பிட்டேன்.

"என்னத்தடா குடுத்து அனுப்பின? கண்ணைத் திறக்குதுடா!"

"ரேடியம் பெயின்ட்டுக்கா. இமை மேல பூசியிருக்கோம், வெளிச்சத்துல தெரியாது. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டுடுச்சுன்னு நினைக்குமாம்ல? எங்களை மாதிரி ஆளுங்களே இந்த உலகத்துல இருக்கக்கூடாதுன்னு பேசுறவங்களுக்கு வருஷா வருஷம் குடுக்கிறோம். ஆணை ஆண் விரும்புறது வியாதி, அப்படிப்பட்ட பையனை வீட்டைவிட்டுத் துரத்தணும்னு உங்க தலைவர் பத்திரிகையில எழுதினாரே, படிக்கல? இந்த வருஷம் போட்டியே இல்லக்கா."

எங்களை மாதிரி ஆளுங்க. அதை அவன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். நானும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, வேறு யாரிடமும் மூச்சுவிடாதே என்று சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது விருதின் அர்த்தம் யாருக்காவது புரிந்தால் அடுத்த கேள்வி, அனுப்பியது யார் என்பதுதான். அது என் கணவருக்குத் தெரியும். அவர் வழியாக அப்பாவுக்குப் போகும். அப்புறம் என் தம்பிக்கு வீடு இருக்காது.

"பார்சல் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடலாமாங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"பீரோ மேல இருக்கே" என்றார்.

பொங்கல் விழா, துபாயில் தேரா பகுதியில் ஓர் அரங்கம். வெளிச்சம் இருக்கும்வரை ஆபத்தில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டு பூனையைக் கொடுத்தேன். தலைவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். அவருடைய சேவைகளைப் படமாகக் காட்டப் போவதாக அறிவித்து, மொத்த விளக்கையும் அணைத்தார்கள். புரொஜெக்டர் எரியவில்லை.

அரங்கம் உறைந்துபோனது. தரையில் கால் இல்லாமல், அந்தரத்தில், இரண்டு பச்சைக் கண்கள். ஏன் இந்த அமைதி என்று தலைவர் இடமும் வலமும் திரும்பினார். கண்களும் மெல்லத் திரும்பி வரிசை வரிசையாக எங்களைப் பார்த்தன. ஒரு குழந்தைகூட அழவில்லை. பிறகு கண்கள் மைக்கை நோக்கி மிதந்துபோயின.

"அன்பர்களே" என்றது பூனை. "பொறுமை காக்கவும்."

முன்வரிசையில் யாரோ நாற்காலியோடு சாய்ந்தார்கள். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த ஆட்கள் பக்கமிருந்து ஒரு குரல்: "பூனை கண்ண மூடுனா உலகம் இருண்டுரும்னுதானப்பா சொல்லுவாய்ங்க? இங்க உலகம் இருண்டப்பறம் பூனை கண்ணத் தொறக்குதுடோய்!"

சிரிப்பு வெடித்தது. விளக்கு வந்தது. தலைவர் பூனையின் மூடிய கண்களைப் பார்த்தார். முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. கண்ணை மூடிக்கொண்ட பூனை யார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"இதை அனுப்பினது யாரும்மா?"

ஏதோ வாசகர்கள் என்று சொல்வதாகத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"நான்தான் சார்" என்றேன். மைக் கிறீச்சிட்டது. "நீங்க எழுதினது தப்பு சார்."

திரும்பும் வழியில் கணவர்தான் வண்டி ஓட்டினார். ஷார்ஜா நெரிசலில் வண்டி நின்றபோது, முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "பிரபுகிட்ட சொல்லு. பெயின்ட் வேலை அருமை."

அவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு எப்படி..."

"போன வருஷத்துலேர்ந்தே தெரியும். நீ தூக்கத்துல பேசுவ."

அடுத்த மாதமே கணவரைத் தொலைவிலுள்ள புஜைராவுக்கு மாற்றினார்கள். அங்கே மலையும் கடலும் எண்ணெய்த் தொட்டிகளும்தான் எங்களுக்குத் துணை. எங்கள் வீட்டில் அன்று முதல் பால் கொட்டினாலும் டம்ளர் உடைந்தாலும், யார் செய்தது என்று கேட்கக்கூடாது. "நான்தான் சார்" என்று மூலைக்கொரு குரல் வரும்.

சில ஆண்டுகள் கழித்துப் பிரபு தானாகவே அப்பாவிடம் சொன்னான். அப்பா உடனே எங்களுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டோம். "அவனுக்கு இவ்வளவு தைரியம் குடுத்தது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவரும் மகளும் ஒன்றாகச் சொன்னார்கள்: "நான்தான் சார்!"

எதிர்முனையில் அப்பா செருமிக்கொண்டார்.

"யாருடி அந்த சார்?" என்றார்.