அத்தானின் காருக்குள் இருந்த வெடி

எனக்கு இரண்டு குறைகள் உண்டு. எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் அதோடு வரும் கைநூலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்துவிடுவேன். (எங்கள் மின்விசிறியைக் குளியலறையில் பொருத்தக்கூடாது என்று இந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.) மற்றது, யாராவது கேள்வி கேட்டால் முழுப் பதிலையும் சொல்லாமல் விடமாட்டேன். பாதிப் பதில் பொய்க்குச் சமம் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள், நானும் நம்பிவிட்டேன். இந்த இரண்டு குறைகளும் தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் கேடில்லை. ஒரு காலையில் இரண்டும் ஒரே சோதனைச் சாவடியில் சந்தித்துக்கொண்டன.

சமாதானம் என்று சொல்லப்பட்டது முடிந்து மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம். நாங்கள் நிலாவெளியில் இருந்தோம். மகள் ஆரணிக்கு எட்டு மாதம். நிறை பார்க்கக் கொண்டுபோன இடத்தில் டொக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்தார், வழமையை விடக் கூடுதல் நேரம் வைத்திருந்தார். பிறகு, ஒரு சத்தம் கேட்கிறது, பயப்பிடாதேங்கோ என்று சொல்லி, இருதய நிபுணருக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். (பயப்பட வேண்டாம் என்று சொல்லப்பட்டு நான் பயப்படாமல் இருந்த சரித்திரம் கிடையாது.) இருதய நிபுணர் கண்டியிலிருந்து மாதத்தில் ஒரு நாள் மட்டும் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வருவார், பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டுவிடுவார். தவறவிட்டால் அடுத்த மாதம். அடுத்த மாதம் றோட்டுத் திறந்திருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

பஸ்ஸை நம்ப ஏலாது என்று அக்காவின் கணவர், எங்கள் அத்தான், தன் காரைத் தந்தார். சமாதானத்தை நம்பிக் கடற்கரையில் அவர் ஒரு விடுதி கட்டினார். வரப்போகும் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்க ஒரு ஜப்பான் காரும் வாங்கினார். கார் வந்தது, வெள்ளைக்காரர் வரவில்லை. அதனால் அவர்களுக்கென்று வைத்திருந்த பாசம் முழுவதையும் காரின் மேலேயே கொட்டினார். ஆசனங்களில் அழுக்குப் படக்கூடாது என்று தடித்த ரெக்சினில் உறை தைத்து, இழுத்து இறுக்கிப் போட்டிருந்தார்.

முதல் நாள் பின்னேரம் கார் எங்கள் முற்றத்துக்கு வந்தது. இவர் (என் கணவர், வங்கி எழுதுவினைஞர், சொல்லை எண்ணிப் பேசுபவர்) தேத்தண்ணி குடிக்கப் போக, நான் காருக்குள் இருந்த ஆங்கிலக் கைநூலை எடுத்தேன்.

பக்கவாட்டுக் காற்றுப்பை, அதாவது எயார்பாக், பற்றிய பகுதியை வாசித்தபோது நான் காரின் படியிலேயே இருந்துவிட்டேன். முன்னால் மோதினால் பொனட்டும் எஞ்சினும் முதலில் நசுங்கும், அடி ஆளிடம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். பக்கத்தால் மோதினால் லொறிக்கும் மனிசனின் விலாவுக்கும் நடுவில் ஒரு சாண் கதவு மட்டும்தான். ஆகவே இந்தப் பை முன்பக்கத்துப் பையை விட வேகமாக வரவேண்டும். கதவுத் தூணுக்குள் இருக்கும் ஓர் உணரி அடியை உணர்கிறது. கதவை யாரோ கோபத்தில் அறைந்து சாத்தினார்களா, உண்மையாகவே மோதினார்களா என்று ஒரு சின்னப் பெட்டி தீர்மானிக்கிறது. உடனே ஆசனத்தின் ஓரத்தில் ஒரு சிட்டிகை மருந்து வெடிக்க, வாயு பாய்ந்து, பை தையலைக் கிழித்துக்கொண்டு வந்து கதவுக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கிறது. அவ்வளவும் ஒரு தரம் கண் சிமிட்டி முடிவதற்குள். பிறகு தானே காற்றைக் கசியவிட்டு மெல்லத் தளர்கிறது.

மழை வருமா, காயப்போட்ட துணியை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க எனக்கு அரை மணித்தியாலம் வேண்டும். (அதற்குள் துணி நனைந்துவிடும்.) அந்தப் பெட்டியை நினைத்து எனக்குப் பொறாமையே வந்தது.

அடுத்த பக்கத்தில் எச்சரிக்கை இருந்தது. பை வெளிவரும் ஓரத்தை மூடி உறை போடக்கூடாது. நான் அத்தானின் ரெக்சினைப் பார்த்தேன். இரட்டைத் தையல். அதை மீறி ஒரு பை வருவதென்றால் பாவம், அது ஜப்பானில் இருந்து வந்தது வீண்.

நான் வீட்டுக்குள் போய்ச் சவர அலகு ஒன்றை எடுத்துவந்து சாரதி ஆசனத்தின் பக்கத் தையலைப் பிரித்தேன். பிரித்ததும் அத்தானின் முகம் கண்முன் வந்தது, ஊசி நூல் எடுத்துத் தைத்தேன். தைத்ததும் இவருடைய விலா எலும்பு கண்முன் வந்தது, பிரித்தேன். இப்படி மூன்று தரம் பிரித்து இரண்டு தரம் தைத்ததில், ஓரம் நாய் கடித்த செருப்பு மாதிரி ஆகிவிட்டது. இவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். இவர் கேட்கிற ஆள் இல்லை.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். பிள்ளையைப் பின்னால் இருத்தவேண்டும் என்று கைநூல் சொன்னதால் நானும் ஆரணியும் பின் ஆசனத்தில். முதல் சென்றியில், அதாவது சோதனைச் சாவடியில், எல்லோரும் இறங்கினோம். அடையாள அட்டை பார்த்தார்கள், காரின் அடியில் கண்ணாடி பிடித்தார்கள். ஒரு சிப்பாய் ஆசனங்களைத் தடவிக்கொண்டு வந்தவன் சாரதி ஆசனத்தின் ஓரத்தில் கையை நிறுத்தினான். தமிழ் தெரிந்த சார்ஜன் ஒருவரைக் கூப்பிட்டான்.

"ஆர் இதை வெட்டினது?" என்றார் சார்ஜன்.

"நான்தான்," என்றேன். இவர் அப்போதுதான் அந்த வெட்டைப் பார்த்தார்.

"ஏன்?"

"உள்ளுக்க இருக்கிறது வெளியில வரவேணுமெல்லோ."

"உள்ளுக்க என்ன இருக்கு அம்மா?"

இந்த இடத்தில் 'காற்றுப்பை' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உலகத்தில் எந்த மனிசியும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் வாயுவை எது உண்டாக்குகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பதில் அல்லவா?

"கொஞ்சம் வெடிமருந்து," என்றேன். அது போதாதென்று, "மற்ற சீற்றிலயும் இருக்கு," என்று சேர்த்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு காரைச் சுற்றி ஒருவரும் இல்லை. மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து தொப்பிகள் மட்டும் தெரிந்தன. எங்களை ஒரு பூவரச மரத்தடியில் நிறுத்தினார்கள், இவருடைய கை இரண்டும் தலைக்கு மேல். என்னைப் பிள்ளை இருந்ததால் விட்டுவிட்டார்கள். றோட்டை மூடினார்கள். எங்களுக்குப் பின்னால் குச்சவெளியிலிருந்து மீன் ஏற்றிவந்த லொறியில் ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதன் சாரதி இவரிடம் மெல்ல, "அண்ணை, உங்கட மனிசி என்னதான் சொன்னவ?" என்று கேட்டார்.

"உண்மையைச் சொன்னவ," என்றார் இவர். கலியாணமாகி மூன்று வருடத்தில் அவ்வளவு களைத்த குரலை நான் கேட்டதில்லை.

மணி பத்தரை தாண்டியது. ஆரணி என் தோளில் நித்திரை. அவளுடைய நெஞ்சு என் நெஞ்சில் பட்டு அடிப்பது தெரிந்தது. அந்தச் சத்தம் எப்படி இருக்குமோ என்று நான் காது கொடுத்துக்கொண்டே நின்றேன். உண்மை பேசி என் பிள்ளையின் ஒரு மாதத்தைத் தொலைத்துவிட்டேனோ என்று அப்போதுதான் நினைத்தேன்.

ஓர் இளம் கப்டன் வந்தார். ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளையின் பையில் துவாய்த் துணிகளுக்கு நடுவில் கைநூல் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். (அதை ஆஸ்பத்திரிக்கு ஏன் கொண்டுவந்தாய் என்று இவர் இன்றைக்கும் கேட்பார். பிள்ளையைப் பற்றிய பக்கத்தை இன்னொரு தரம் பார்க்கலாம் என்றுதான்.) அவர் நின்றபடியே வாசித்தார். பக்கம் புரட்டினார். காரின் கதவைத் திறந்து, தையல் பிரிந்த ஓரத்தில் தெரிந்த, எயார்பாக் என்று எழுதிய சின்னத் துணி அடையாளத்தைத் தொட்டார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாக, இது வெடித்தால் ஆட்கள் சாகமாட்டார்களா என்று கேட்டார்.

"வெடிச்சால்தான் சாகமாட்டினம்," என்றேன். பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன்.

சார்ஜன் அதைச் சிங்களத்தில் சொன்னார். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்த தொப்பிகள் ஒவ்வொன்றாக எழும்பின. ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ வெடிகளைக் கேட்டிருக்கிறோம். அவர்களும் கேட்டிருப்பார்கள். ஒரு மனிசனின் விலா நோகாமல் எவ்வளவு மருந்து வெடிக்கலாம் என்று எங்கேயோ ஒருவர் இருந்து அளந்து பார்த்திருக்கிறார் என்பது அவர்களுக்கும் புதினமாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

கப்டன் நல்லவர். அடுத்த சென்றிகள் எங்களைத் தடுக்காமலிருக்க வோக்கி-டோக்கியில் சொல்லிவிட்டார். அதுதான் பிழையாய்ப் போனது. அடுத்த சென்றியில் ஆறு பேர் றோட்டுக்கு வந்து எங்களுக்காகக் காத்திருந்தார்கள். சோதிக்க அல்ல, பார்க்க. நான் மறுபடியும் உணரியில் தொடங்கி, பை தளர்கிறது வரை சொன்னேன். அதற்கடுத்த சென்றியில் ஒருவர், பை திரும்ப உள்ளே போகுமா என்று கேட்டார். நல்ல கேள்வி. போகாது, ஒரு தரம்தான், பிறகு புதிது பூட்டவேண்டும் என்றேன். இவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டே கால். தாதி, முடிந்துவிட்டது என்றாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக இவர் ஓடுவதைப் பார்த்தேன். நிபுணர் தன் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார். துண்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், தன் பையைத் திரும்பத் திறந்து வெளி விறாந்தையில் இருந்த மர வாங்கிலேயே ஆரணியைக் கிடத்திக் குழாயை வைத்தார். ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்றார். இவர் என் காலை மிதித்தார்.

"சென்றியில பிந்திப்போச்சு," என்றேன். என் வாழ்நாளின் முதல் பாதிப் பதில்.

சின்ன ஓட்டை, தானாக மூடிவிடும், ஆறு மாதத்தில் இன்னொரு தரம் காட்டுங்கள் என்றார் டொக்டர். எப்போது மூடவேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். மறுகாலும் மிதிபட்டது.

அது மூடிவிட்டது. அத்தான் தன் ரெக்சினைப் பார்த்து இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தையற்காரரிடம் கொண்டுபோய், இரண்டு ஆசனத்திலும் அந்த ஓரத்தைத் திறந்தே விட்டு அழகாக மடித்து அடித்துக்கொண்டு வந்தார். அந்தப் பை கடைசி வரை விரியவேயில்லை. கார் விற்கப்பட்டபோது அதுவும் சும்மா போனது.

போன வருடம் நாங்கள் மூவரும் முதன்முதலாக விமானம் ஏறினோம். கட்டுநாயக்காவில் பெட்டியை நிறுக்கும் பெண், வெடிக்கக்கூடிய பொருள் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். நான் வாயைத் திறக்குமுன் கைநூல்கள் இருந்த என் பையை ஆரணி பறித்துக்கொண்டாள். அப்பாவும் மகளுமாக ஒரே குரலில், "இல்லை," என்றார்கள்.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்கள்?" என்றாள்.

"அவவிட்ட மட்டும் கேளாதேங்கோ பிள்ளை," என்றார் இவர். "எங்களை விட்டிட்டுப் பிளேன் போயிடும்."