அமல்தார் ஃபில்டருக்குப் பன்னிரண்டு நிமிடம்

பொய் என்ற சரக்கு உள்ளே நுழையாத தொழிற்சாலை இந்த நாட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் இருக்கிறது. எங்களுடையது.

என் பாட்டனார் மைசூர் சமஸ்தானத்தில் அமல்தாராக, அதாவது தாலுகா அதிகாரியாக, இருந்தவர். அவர் நினைவாக என் தகப்பனார் தொடங்கியதுதான் 'அமல்தார்' பித்தளைக் காபி ஃபில்டர். பெங்களூரில் எத்தனையோ வீடுகளில் பொழுது விடிவது எங்கள் பாட்டனாரின் உத்தியோகத்தில்தான்.

எங்கள் நிர்வாக நெறியை இங்கே பதிவு செய்வது என் கடமை. தொழிலாளி சொல்லும் நேரத்தில் பாதியைத்தான் ஏற்க வேண்டும் என்பது தகப்பனார் வகுத்தது. இதை அறிந்த ஃபோர்மன் கிருஷ்ணப்பா எந்த வேலைக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கிச் சொல்வார். நான் பாதியாக்கிக்கொள்வேன். ஆறு நிமிட வேலை பன்னிரண்டாகக் கிளம்பி, என் மேஜைக்கு வந்ததும் மறுபடி ஆறாகும். முப்பது வருடமாக நாங்கள் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகவே இதைப் பொய் என்று சொல்ல இடமில்லை. 'மரபு' என்றே சொல்ல வேண்டும்.

தாராளமயம் நாட்டுக்கு வந்து நான்கு வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தது, தம்பி மகன் அச்யுத் உருவத்தில். எம்.பி.ஏ. முடித்தவன். ஒரு கம்ப்யூட்டரும் 'லீனியர் புரோகிராமிங்' என்ற சாஸ்திரமும் கொண்டுவந்தான். எந்தப் பொருளுக்கு என்ன லாபம், ஒவ்வொன்றும் பாலிஷ் மிஷினில் எத்தனை நிமிடம் பிடிக்கும், மாதத்தில் மிஷின் எத்தனை மணி ஓடும் என்று சொல்லிவிட்டால் போதும். எதை எத்தனை செய்தால் லாபம் உச்சத்தில் நிற்கும் என்று அதுவே சொல்லிவிடும். மனிதன் யோசிக்க வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்துக்கு இது மிகவும் பொருந்தி வந்தது.

அச்யுத் அட்டையும் பேனாவுமாகப் போய்க் கேட்டான். ஃபில்டருக்குப் பாலிஷ் பன்னிரண்டு நிமிடம் என்றார் கிருஷ்ணப்பா, மரபுப்படி. அடுத்த பிரிவில் ஓட்டல்களுக்கான ஐஸ் வாளி. (எங்கள் வீட்டில் 'குளிர் பாத்திரம்' என்போம். அந்த ஐஸ் எதில் போய் விழுகிறது என்று நாங்கள் விசாரித்ததில்லை.) அதன் சூப்பர்வைசர் பெர்னார்ட் விவேக் நகர்க்காரர், சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மரபு தெரியாதவர். வாட்சைப் பார்த்து, எட்டு நிமிடம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

விடையைக் கேட்க டைரக்டர்கள் கூடினோம். நான், என் தங்கை அலர்மேல்மங்கை, அச்யுத். அவன் அழைத்திருந்த பேராசிரியர் சுந்தரேசன். கதவோரம் கிருஷ்ணப்பா, நின்றபடி.

"ஃபில்டர் சைபர், பெரியப்பா. டிபன் கேரியர், கையில இருக்கற ஆர்டருக்கு வேண்டிய எழுநூறு. மிச்ச நேரமெல்லாம் ஐஸ் வாளி."

"சைபர்னா எவ்வளவுடா?" என்றாள் தங்கை.

"சைபர்னா சைபர்தான், அத்தை."

"தாத்தா பேருடா அது."

"வாளில பொறிச்சுட்டாப் போறது."

பேராசிரியர் கையை உயர்த்தினார். "சென்ஸிடிவிட்டி அனாலிசிஸ் பண்ணினியோ? போட்ட நம்பர் கொஞ்சம் தப்பா இருந்தா, விடை நிக்குமா கவுந்துடுமான்னு பாக்கணும்."

"பாத்தாச்சு சார். ஃபில்டரோட பன்னிரண்டு நிமிஷம் பத்தானாலும் இதே விடைதான். ஒம்பதுக்குக் கீழே போனாத்தான் தலைகீழ். அப்போ ஃபில்டர்தான் முதல்."

"அப்போ எல்லாமே அந்த ஒரு நம்பர்ல நிக்கறது. அது சரிதானா?"

எல்லோரும் கிருஷ்ணப்பாவைப் பார்த்தார்கள். கிருஷ்ணப்பா என்னைப் பார்த்தார். ஃபில்டர் பிரிவை மூடினால் அவரோடு சேர்த்துப் பதினோரு பேர் வீட்டுக்குப் போவார்கள். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"யஜமான்ரு ஒரு தடவை பாத்துட்டா ஒள்ளேது, நல்லது," என்றார் மெல்ல.

"அவர் எதைப் பாக்கணும்?" என்றார் பேராசிரியர்.

"நான் சொன்னது பன்னெண்டு ஸ்வாமி. அப்புறம் யஜமான்ரு பாப்பாங்க. வழக்கமாப் பாக்கறாப்ல."

"வழக்கமான்னா?"

"அது அவங்களுக்குத் தெரியும்."

'பாதியாக்கு' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அமல்தாரின் பேரனும் அவன் ஃபோர்மனும் முப்பது வருடம் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பது வெளி மனிதர் ஒருவருக்குத் தெரிந்துபோகும். பேராசிரியருக்கு மல்லேஸ்வரம் முழுக்கச் சொந்தக்காரர்கள். குடும்ப கௌரவம் என் முதுகுத்தண்டில் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"எங்கள் தொழிற்சாலையில் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான்," என்றேன்.

கிருஷ்ணப்பா "ஆய்த்து, யஜமான்ரே," என்றார். அவ்வளவுதான்.

'தகவல்களின் நம்பகத்தன்மை: மிகச் சிறப்பு' என்று பேராசிரியர் அறிக்கையில் எழுதினார். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, பாட்டனார் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன்.

அடுத்த மாதம் பதினோரு பேரும் 'தாமாகவே முன்வந்து' ஓய்வு பெற்றார்கள். போவதற்கு முன் ஃபில்டர் மிஷின்களைக் கழற்றிக் கொடுக்கும்படி அச்யுத் கேட்டுக்கொண்டான். எத்தனை நாளாகும் என்றான். நான்கு நாள் என்றார் கிருஷ்ணப்பா. அச்யுத் அட்டையில் நான்கு என்று குறித்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் என் அறைக்கு ஓடி வந்தான்.

"பெரியப்பா, நாலு நாள்னு சொன்னார். ரெண்டே நாள்ல எல்லாத்தையும் கழட்டி வாசல்ல அடுக்கிட்டார். இப்படிப்பட்ட மனுஷரையா அனுப்பறோம்? இப்போ லாரிக்கு எங்கே போறது?"

நான் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் வந்தால் போதும் என்று நான்தான் முன்பே சொல்லிவைத்திருந்தேன்.