போக எட்டு, வர மூணு

"ஏண்ணே, சிங்கப்பூருக்கு பிளேன்ல எத்தினி மணி நேரம் ஆச்சு?"

பக்கத்து வீட்டு செல்வமேரி கேட்டதும் கோவிந்தராஜ் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

பூனாவின் போபோடியில் அந்தச் சந்தே திரண்டு மாலை போட்டு, கம்பெனிப் பயிற்சிக்காக அவரைச் சிங்கப்பூருக்கு வழியனுப்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. பம்பாய் விமான நிலைய வாசலில் கம்பெனி ஆள் ஒருவன் வந்து, பயிற்சி ரத்து என்று சொல்லி டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான். போட்ட மாலை வாடுவதற்குள் எந்த முகத்தோடு வீடு திரும்புவது? பூனாவை அடுத்த ஆகுர்டியில் ஒரு நண்பரின் அறையில் ஒளிந்திருந்துவிட்டு, இன்று காலைதான் பெட்டியும் கையுமாக வந்திறங்கினார். மனைவி சின்னம்மாவுக்குக்கூடத் தெரியாது.

நல்லவேளை, டிக்கெட்டில் பார்த்த நேரம் நினைவில் இருந்தது.

"ராத்திரி பதினோரு மணிக்கு ஏறினேன். காலையில ஏழு மணிக்கு எறங்கிட்டேன்."

"எட்டு மணி நேரம்! வர்றப்போ?"

"ராத்திரி எட்டுக்கு ஏறி, பதினொண்ணுக்கு பம்பாய்."

செல்வமேரி விரல் விட்டு எண்ணினாள். "போக எட்டு, வர மூணா? ரெண்டும் ஒரே தூரந்தானே?"

நாட்டுக்கு நாடு கடிகாரம் மாறும் என்பது விமானமே ஏறாத கோவிந்தராஜுக்கு எங்கே தெரியும்?

"அது வந்து... போறப்போ மேடு. வர்றப்போ எறக்கம்."

"ஆகாசத்துல ஏதுங்க மேடு?" என்றாள் சின்னம்மா.

"கண்டாலா மலையில பம்பாய்க்கு எறங்கறப்போ பஸ்ஸு பறக்குது, பூனாவுக்கு ஏர்றப்போ முக்குதில்ல? அதே மாதிரிதான்."

"அப்போ பிளேன் சறுக்கிக்கிட்டா வருது?"

"பின்னே? முன் சீட்டைக் கெட்டியா புடிச்சுக்கணும். நானே ரெண்டு தரம் முட்டிக்கிட்டேன்." நெற்றியைத் தடவிக் காட்டினார்.

அதற்குள் பாதிச் சந்து வாசலில் கூடிவிட்டது. சின்னம்மாவின் கண்கள் சுருங்கின. "நீங்க நெஜமாலுமே போனீங்களா?"

"எதுக்குக் கொழப்பம்? எங்க வூட்டுக்காரரு ரெண்டு வருசம் சிங்கப்பூர்ல இருந்தவரு. அவரையே கேட்டுடலாம்" என்று செல்வமேரி குரல் கொடுத்தாள்.

கோவிந்தராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நழுவப் பார்த்தார்.

செல்வமேரியின் கணவன் கிறிஸ்டோபர் வந்தான். முகமெல்லாம் வியர்வை. வீட்டுக்குள்ளிருந்தே இப்படியொரு புளுகைக் கேட்ட கோபம்தான் என்று கோவிந்தராஜ் நினைத்தார். செல்வமேரி மேடு, இறக்கம், நெற்றி முட்டல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். கிறிஸ்டோபர் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணன் சொல்றது கரெக்ட்டு. பயங்கர எறக்கம். பைலட்டு இஞ்சினையே அணைச்சிடுவான்."

கூட்டம் கலைந்தது. சின்னம்மா பெருமை தாங்காமல் இன்னொரு டீ போட உள்ளே போனாள். கோவிந்தராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் கிறிஸ்டோபர் அவரைத் தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போய், இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க நெஜமாலுமே போய்ட்டு வந்தவரு, எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க... அந்த ரெண்டு வருசமும் நான் இதோ கண்டாலா பக்கத்துல, லோணாவளாவுல கடலை மிட்டாய்க் கடையிலதான் இருந்தேன்!"