எக்ஸ்போட் காக்காவும் கப்பலேறாத அரிசியும்

கல்முனைக்குடியில் கண்ணில் பட்ட எதையும் கப்பலேற்றலாமா என்று எக்ஸ்போட் காக்கா யோசிக்காமல் விட்டதில்லை. காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். முருங்கை இலை, கருவாடு, பனங்கிழங்கு என்று தொடங்கியவர், ஒருநாள் கடற்கரையில் நின்று, "இந்தக் காத்த டின்னுல அடைக்க ஏலுமெண்டா அரபு நாட்டில அள்ளிக்கொண்டு போவானுகள்" என்றார். பகிடிக்குச் சொல்லவில்லை. டின் என்ன விலை என்று விசாரித்துவிட்டுத்தான் சொன்னார்.

கலியாண வீட்டுப் புரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, "உள்ளூருக்குக் காணும், கப்பலேறாது" என்பார். அவரிடம் அதைவிடப் பெரிய வசை கிடையாது.

நான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில், போன், ஈமெயில், ஃபோட்டோகொப்பி என்று எல்லாம் பார்க்கிற கொமினிகேசன் கடை வைத்திருப்பவன். காக்கா கத்தாரில் சாரதியாக இருந்த காலத்து அரபியை வைத்துப் போனில் சமாளிப்பார். எழுத்து என்றால் என்னிடம்தான். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் ஈமெயில் எழுதுவேன். டோஹா மொத்த வியாபாரி ஒருவர் எங்கள் பச்சைப்பெருமாள் சிவப்பரிசியைப் பற்றி விசாரித்திருந்தார்.

"முதல்ல சலாம் போடு. பிறகு உம்மாட முழங்கால் எப்பிடி எண்டு கேளு."

"ஆருட உம்மா, காக்கா?"

"அந்த மனிசனப் பெத்த உம்மா. முழங்கால் நோவெண்டு போன்ல சொன்னாரு."

"வியாபாரக் கடிதத்தில முழங்கால எழுதுறல்ல, காக்கா."

"எழுது தம்பி. அரிசி ஓடியா போகப்போகுது?"

எழுதினேன். பதில் வந்தது. முழங்கால் பரவாயில்லையாம், அறுவடை முடிந்ததும் ஒரு கொண்டெய்னர் அனுப்பட்டாம்.

காக்கா அன்றே நாவிதன்வெளி வயலுக்குப் போய் வரப்பில் குந்திவிட்டார். நானும் கூடப் போயிருந்தேன். வழக்கமான நெல்லை விட்டுவிட்டு, மருந்தடிக்காமல் பச்சைப்பெருமாள் விதைக்க வேண்டும் என்று வயல்காரர்களைக் கேட்டார். அவர்களில் மூத்தவரான சின்னத்தம்பி அண்ணன் யோசித்தார்.

"காக்கா, கடைசியில அவன் வாங்காட்டி?"

"நான் திங்கிறன்."

"கொண்டெய்னர் முழுக்கவா?"

"மெல்ல மெல்ல."

சின்னத்தம்பி அண்ணன் சிரித்துவிட்டார். மாரி மழையோடு வந்த பெரும்போகத்துக்கு எல்லாரும் அதையே விதைத்தார்கள். மில் செலவுக்குக் காக்காவின் மனைவியுடைய நகை வங்கிக்கு அடகு போனது.

அறுவடை முடிந்து அரிசி கொழும்புத் துறைமுகம் வரை போனது. அங்கே மூடையைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே வண்டு ஊர்வதைக் கண்டார்கள். அத்தனை மூடையும் லொறியில் திரும்பி வந்தது.

வயல்காரர்கள் மில் வாசலில் கூடினார்கள்.

"இனி என்ன செய்யிற, காக்கா?" என்று கேட்டார் சின்னத்தம்பி அண்ணன்.

காக்கா ஒரு பிடி அரிசியை அள்ளி விரலால் கிளறிப் பார்த்தார். "இந்த வண்டு விசயம் தெரிஞ்ச சாமான். மருந்தடிச்ச அரிசியெண்டா கிட்டயும் வராது" என்றார்.

அரிசியை வெயிலில் காயவைத்து, புடைத்து, மறுபடி மூடை கட்டினார்கள். பிறகு காக்கா ஓர் ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டி, தானே ஏறி உட்கார்ந்தார். கல்முனைக்குடி தொடங்கி அக்கரைப்பற்றுச் சந்தை வரைக்கும் அவருடைய குரல்தான்.

"கப்பல் வரைக்கும் போய்வந்த அரிசி. எக்ஸ்போட் தரம். வண்டே திண்டு பாத்துச் சாட்சி சொன்ன அரிசி."

சிரிக்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பையோடு போனார்கள். அரிசி முடிந்தது. வயல்காரர்களுக்குரியது போய்ச் சேர்ந்தது. நகை மட்டும் வங்கியிலேயே இருந்தது.

அதன் பிறகு ஒரு பின்னேரம் கடைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்டு எழுதச் சொல்வார் என்று நினைத்தேன்.

"சலாம் போடு. உம்மா சுகமா எண்டு கேளு. அவ்வளவுதான்."

"வண்டு விசயம்?"

"அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உம்மாட சுகம்தான் எனக்குத் தெரியாது."

பதில் வரச் சுணங்கியது. உம்மா மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது, விசாரித்து எழுதிய வியாபாரி நீங்கள் ஒருவர்தான் என்று டோஹாக்காரர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது: அடுத்த அறுவடை அரிசியை வண்டு இல்லாமல் அனுப்புங்கள். நான் அதை வாசித்தது காக்காவின் காதில் விழவில்லை. கண்ணை மூடிக் கையேந்தி, அந்த உம்மாவுக்காகத் துஆக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த பெரும்போகத்து அரிசி கப்பலேறியது. நகை வீட்டுக்கு வந்தது. இப்போது அக்கரைப்பற்றில் காக்காவுக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. படித்து முடித்த மகள்தான் எல்லாக் கடிதமும் பார்க்கிறாள். ஆனாலும் அசருக்குப் பிறகு அவர் என் கடைக்கு வந்து, சொல்லச்சொல்ல எழுதச் சொல்வார்.

போன கிழமை அந்த மகள் ஃபோட்டோகொப்பி எடுக்க வந்தாள். "வாப்பா உங்ககிட்டச் சொல்றதையெல்லாம் நான் காலையிலயே அனுப்பியிருப்பன், மாமா. அது அவருக்கும் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அன்று பின்னேரமும் காக்கா வந்தார். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி முடித்தேன். பிறகு இரண்டு பிளேன்டீக்குச் சொல்லிவிட்டு, இன்னும் எழுத ஏதாவது இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன்.