அணைக்கக் கூடாத ராஜ்யம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிய ஒரே காரணத்தால் உனக்கு அத்தான் ஆனவன் எழுதுவது. இங்கு நான், உன் அக்கா, நீ அனுப்பிய சிடியை விழுங்கிய கம்ப்யூட்டர் மூவரும் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கு நீயாவது உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட ஆண்டவன் அருளட்டும்.

நிற்க. எழுதத்தான் முடிகிறது, ஒன்பது நாள் உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

குடிநீர் பம்ப் அறையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போகட்டுமென்று அந்தக் காலத்து டாஸ் கம்ப்யூட்டரில் ஓடிய யுத்த விளையாட்டை சிடியில் அடைத்து அனுப்பினாய். "சிடியைப் போட்டு ஆன் பண்ணுங்க அத்தான், நேரா ராஜ்யம் வந்துடும்" என்றாய். எங்கே வந்தது? கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டியது, பதிலுக்கு நானும் சிமிட்டினேன், அரை மணி நேரம் இப்படியே போக, உனக்குப் போன் செய்தால், ஆன் ஆகும்போதே ஒரு பொத்தானை விடாமல் அமுக்கி, கம்ப்யூட்டர் எதிலிருந்து கிளம்புவது என்கிற பட்டியலில் சிடியை மேலே ஏற்றச் சொன்னாய். ஏற்றினேன். மவுஸ் செத்தது, சத்தம் போனது, ராஜ்யம் வந்தது. நாலே நாளில் ஒன்பது ஊர் பிடித்தேன் மாப்ளே! ஒவ்வொரு ஊர் பிடித்ததும் சேமிக்கச் சொன்னேன். அதுவும் சேமித்துவிட்டேன் என்றது. ஓடுகிற எந்திரத்தை அணைத்துப் பழகாத கை என்பதால் இரவும் அணைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை உன் அக்கா இஸ்திரி போட பிளக்கைப் பிடுங்கினாள்.

"ஐயோ, என் ராஜ்யம்!" என்றேன்.

"எந்த ராஜ்யம்? சட்டையெல்லாம் கசங்கிக் கிடக்கு."

மறுபடி போட்டால் ஒரே ஓர் ஊர், பத்து வீரர்கள். நீயோ சாவகாசமாக, "சிடியில எழுத முடியாது அத்தான். எல்லாம் மெமரியிலதான் இருக்கும், அணைச்சா போச்சு" என்கிறாய். முன்னாடியே சொன்னால் என்னடா குறைந்துவிடும்? அன்றிலிருந்து பிளக் பக்கத்திலேயே காவல் இருக்கிறேன். குளிக்கப் போனாலும் காது இங்கேதான்.

உன்னிடம் மறைப்பானேன். ஓய்வு பெற்ற நாளிலிருந்து உன் அக்கா என்னிடம் பேசுவது இரண்டே வாக்கியம். ஒன்று, "சாப்பாடு ரெடி." மற்றது, பெருக்கும்போது, "காலை எடுங்க." இஸ்திரிச் சண்டைக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது, விளக்குமாறு வந்து காலில் இடிக்கிறது, நானாக எடுத்துக்கொள்கிறேன். மனசு வலிக்கிறது. ராஜ்யமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சிடியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி எனக்கு ஒரு குண்டூசிகூட அனுப்பாதே.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகள். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், கம்ப்யூட்டர் தவிர எதை வேண்டுமானாலும்.

இப்படிக்கு,
களைத்துப்போன அத்தான்

பி.கு: உறைக்குள் சிடியைத் தேடாதே. இதை ஒட்ட கோந்து எடுத்து வருவதற்குள் உன் அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "இந்தச் சிவப்புக் கொடிக்காரன் சமாதானம் கேக்கறான். ஒத்துக்கவா, அடிக்கவா?" என்றாள். "அவனை நம்பாதே, போன தடவை ஆத்துப் பக்கமா வந்து கழுத்தறுத்தான்" என்றேன். அரை மணி நேரம் பேசினோம், மாப்ளே! மூன்று நாளாக உறை ஒட்டாமலே கிடக்கிறது. இப்போது காலை ஷிஃப்ட் நான், மதியம் அவள். பம்ப் அறை மாதிரியே, எந்தக் கோட்டையில் எத்தனை பேர், யார் பகை, எல்லாம் வாயால் சொல்லி ஒப்படைத்த பிறகுதான் ஒருவர் எழலாம். நேற்று ஒப்படைக்கவே ஒரு மணி நேரம் ஆனது.

பென் டிரைவில் சேமிக்க ஏதோ வழி இருக்கிறது என்று நேற்று போனில் சொன்னாயே, அதை அவளிடம் மூச்சு விடாதே. சேமித்துவிட்டால் அணைத்துவிடுவாள். அப்புறம் மறுபடி "காலை எடுங்க"தான்.