கூலாய் வீட்டில் கறுப்புக் காலடிகள்

அண்ணனுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆக வேண்டும் என்று தங்கைகள் வேண்டிக்கொள்வதற்குப் பல நல்ல காரணங்கள் இருக்கும். என் காரணம் கொஞ்சம் மட்டமானது. செல்வா அண்ணன் கடல் தாண்டிப் பெர்த்துக்குச் சுரங்க வேலைக்குப் போய் வருடங்கள் ஓடிவிட்டன. எங்கள் ஊர்ப் பக்கம் கூலாயில் ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டால், அவளுக்காகவாவது ஜொகூருக்குத் திரும்பி வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். (“தூண்டில்னு சொல்லாத, வரன்னு சொல்லு” என்று அம்மா திருத்தினார்.)

வரனின் பெயர் கவிதா. தமிழ்ப்பள்ளி ஆசிரியை, ஒரே பிள்ளை, அப்பா இல்லை. “அம்மாவ விட்டுட்டு இந்தப் பொண்ணு எங்கயும் போகாது” என்று தரகர் அடித்துச் சொன்னார். பம்பு விற்பவர் கொடுக்கும் உத்தரவாதத்தை நம்புவதுபோல அதை நம்பினேன். நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். அந்த உத்தரவாதங்களின் லட்சணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்கு அண்ணன் லீவில் வருகிறான் என்றதும் பட்டியல் போட்டேன். பூ, பழம், வெற்றிலை, புடவை, தட்டுகளை யார் யார் தூக்குவது, யார் யார் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது. கடைசி வரியில் ‘வண்டி’ என்று மட்டும் இருந்தது.

வண்டி என்றால் அண்ணன் விட்டுப்போன பிக்கப். கிளம்பிய அன்று சாவியை என் கையில் வைத்து, “திரும்பி வந்ததும் இதத் தூக்கிக் கட்டணும் குட்டி. அப்புறம் பாரு, எந்தச் செம்பனைத் தோட்டத்துச் சேத்துலயும் ஏறும்” என்றான். அவன் நெட்டை, நான் குட்டை. ஆனாலும் அவன் வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து ஓட்டுநர் இருக்கையை நான் நகர்த்தவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்து ஓட்டினேன். தொலைபேசியில் முதலில் வண்டியை விசாரிப்பான், பிறகு என்னை. வரிசை எதுவாக இருந்தால் என்ன, குரல் ஒன்றுதானே.

அவன் வருவதற்குள் அந்த ஆசையை நிறைவேற்றி வைத்தால் ஊரை விட்டுப் போக மனம் வராது என்று தோன்றியது. வண்டியை வொர்க்‌ஷாப் சேகர் அண்ணனிடம் உயர்த்திக் கட்டக் கொண்டுபோனேன்.

“ரெண்டு இன்ச்சா, மூணு இன்ச்சா தங்கச்சி?”

இங்கே ஒரு சிறு விளக்கம். முன்சக்கரத்துக்குப் போகும் அச்சுத் தண்டின் மூட்டுகளை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும், ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக. அதைத்தான் பூட் என்பார்கள். உள்ளே கறுப்பு கிரீஸ். வண்டியை அளவுக்கு மீறி உயர்த்தினால் தண்டு சாயும், மடிப்புகள் உரசும், பூட்டைக் கவ்வியிருக்கும் வளையம் தளரும், கிரீஸ் வெளியேறும். இந்த வண்டிக்கு இரண்டு அங்குலம்தான் எல்லை என்று முன்தினமே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இவ்வளவும் தெரிந்த நான் சொன்ன பதில்:

“மூணு போடுங்க அண்ணே.”

“அப்படிச் சொல்லு! யானை மாதிரி நிக்கும்லா!”

செனாய் விமான நிலையத்தில் அண்ணன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே என் தலையைக் கலைத்தான்.

“எல்லாத்தையும் நீயே செஞ்சிட்டியா? அப்ப நான் திரும்பி வந்து என்னத்தச் செய்றது?”

நானும் சிரித்தேன். அந்தக் கேள்வி உறைத்தது பிறகுதான்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவும்போது, முன்சக்கரங்களின் உட்புறத்தில் கறுப்பாகத் தெறித்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வளையம் தளர்ந்திருந்தது. புதிய பூட் வர ஒரு வாரம் ஆகும். அண்ணனிடம் சொன்னால் வேறு வண்டியில் போகலாம் என்பான், யானை வீட்டில் நிற்கும். அதனால் கிரீஸைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் கேபிள் டையை எடுத்து இறுக்கிக் கட்டினேன். (தொழிற்சாலையில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நானே அவர்மேல் நடவடிக்கை எடுத்திருப்பேன்.)

மறுநாள் கூலாய்க்கு நெடுஞ்சாலையில் நல்ல வெயில். கவிதாவின் அம்மா சரோஜா அத்தை, மகள் கல்யாணத்துக்கென்றே வாசல் முதல் சாமி அறை வரை வெள்ளைப் பளிங்கு போட்டிருந்தார். அவ்வளவு வெள்ளை கண்ணுக்கே ஆகாது.

“வண்டிய போர்ச்சுக்குள்ள கொண்டாந்து நிறுத்தும்மா, வெயில்ல பூ வாடிரும்” என்றார். நிறுத்தினேன். நல்ல நேரத்துக்குக் காத்திருந்தோம். நேரம் வந்ததும், “கொஞ்சம் பின்னால எடுத்தா தட்டு தூக்கிட்டு வர வழி கிடைக்கும்” என்றார். பணிவான நாத்தனார் என்று பெயர் வாங்கும் ஆசையில் உடனே பின்னால் எடுத்தேன்.

வண்டியின் முன்பகுதி நின்றிருந்த இடம் இப்போது வழியாகிவிட்டது. அதில் இரண்டு கறுப்புத் தோசைகள் கிடந்தன. பார்த்திருக்கலாம். ஆனால் எல்லார் கையிலும் மலைபோல் குவித்த தட்டு, அதற்குக் கீழே எவருக்கும் எதுவும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக உள்ளே நடந்தோம்.

“என்னமோ பிசுபிசுங்குதே, ஆரத்தித் தண்ணியா?” என்று முன்னால் போன பெரியப்பா கேட்டார். (கையில் தட்டு இருந்ததால் தப்பித்தார். இல்லாவிட்டால் தொட்டு நெற்றியிலும் வைத்திருப்பார்.)

தட்டை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினேன். கிருஷ்ண ஜெயந்திக்கு மாவால் பாதம் போடுவோமே, அதே மாதிரி வாசலிலிருந்து சாமி அறை வரை கறுப்புக் காலடிகள். கண்ணன் மட்டும் சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, எண்பது கிலோ எடையில் வந்திருந்தான்.

“அலமாக்! ஐயையோ!” என்று அலறினார் சரோஜா அத்தை.

பெண் வீட்டார் பக்கத்து அம்மா ஒருவர் மெல்ல ஆரம்பித்தார். “நல்ல காரியத்துல மொத அடியே கறுப்பா? இன்னொரு நாள் வச்சுக்கலாமே.”

இன்னொரு நாள் அண்ணன் பெர்த்தில் இருப்பான். கவிதாவும் கூலாயும் அவன் திரும்பி வருவதும் என் கண்முன்னே வழுக்கிக்கொண்டு போயின. நிதானத்துக்குப் பேர்போன நான் வாயைத் திறந்தேன்.

“இது அபசகுனம் இல்லீங்க அத்தை. மாலிப்டினம் கலந்த கிரீஸ். கறுப்பாதான் இருக்கும்.”

வீடே என்னைப் பார்த்தது. அண்ணன் மட்டும் கண்ணைச் சுருக்கினான்.

“எத்தன இன்ச் போட்ட?”

“மூணு.”

“மூணா!” சாமி அறை வாசலில் நின்றுகொண்டு இப்படிக் கத்திய மாப்பிள்ளை அவன் ஒருவனாகத்தான் இருப்பான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டினான், வெளியே போனான், வண்டிக்கு அடியில் தலையை விட்டான்.

அப்போது அறைக் கதவு திறந்தது. கவிதா பட்டுப்புடவையோடு வந்து தரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு அந்தக் காலடிகளின் மேலேயே நடந்துபோய் வண்டியருகே குந்தினாள்.

“ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும். கேபிள் டை போட்டிருக்கா என் தங்கச்சி.”

“கேபிள் டையா? எங்கப்பா லாரி ஓட்டுனவரு. அவரு இருந்திருந்தா உங்க தங்கச்சிய உள்ள விட்டிருக்க மாட்டாரு.”

வண்டிக்கு அடியிலிருந்து அண்ணன் சிரித்தான். தொலைபேசியில் நான் கேட்டே இராத சிரிப்பு. அவளும் சிரித்தாள். சரோஜா அத்தை கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து, “நாம எதுக்கு இங்க? அவங்க வண்டிக்கு அடியிலேயே நிச்சயம் பண்ணிக்கிட்டாங்க. தட்ட மாத்துங்க” என்றார்.

கல்யாணம் நடந்தது. அண்ணன் திரும்பி வரவில்லை. கவிதா சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவனோடு பெர்த்துக்குப் போனாள். தரகரின் உத்தரவாதம் அதோடு காலாவதி.

வண்டியை இரண்டு அங்குலத்துக்கு இறக்கி, புதிய பூட்டும் சரியான வளையமும் போட்டுவிட்டேன். இப்போது ஒரு சொட்டும் ஒழுகாது. யார் நம்புகிறார்கள்? எந்த உறவினர் வீட்டுக்குப் போனாலும், “பொறியாளர் வந்தாச்சு, வண்டிக்கு அடியில அட்டைய எடுத்துப் போடுங்க!” என்று ஒரு குரல் கேட்கும். பெர்த்திலிருந்து வீடியோவில் கூப்பிடும் அண்ணன்கூட முதலில் அட்டையைக் காட்டச் சொல்கிறான். சுத்தமாக இருந்தால், “என்ன, வண்டிய எடுக்கறதே இல்லயா?” என்கிறான்.

எடுக்கிறேன். தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு கூலாய்க்குப் போகிறேன். சரோஜா அத்தை அட்டை விரித்துத் தயாராக இருப்பார். அன்று எவ்வளவு தேய்த்தும், சாமி அறை ஓரத்தில் ஒரே ஒரு காலடி போகவில்லை. பளிங்கு எண்ணெயைக் குடித்துவிட்டது. பாலிஷ் போட வந்த ஆளை அந்த இடத்தைத் தொடவிடாமல் அனுப்பிவிட்டார் அத்தை. “அது கவிதா கால்” என்பார். எனக்கோ அது அண்ணன் கால்தான் என்று வெகுநாள் உறுதி.

போன தடவை அத்தை தேத்தண்ணி கலக்க உள்ளே போனபோது, யாரும் பார்க்காமல் என் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை அச்சாகப் பொருந்தியது.

“அங்க என்னம்மா பாக்குற?” என்றார் அத்தை, கையில் இரண்டு குவளைகளோடு.

காலை எடுத்துக்கொண்டேன்.

“ஒண்ணுமில்ல அத்தை. கவிதா கால்தான்.”